நீலம், பச்சை, வெள்ளை: ஒரு ட்ரூயிட் சங்கத்தில் மூன்றரை வருடம்

ஜூன் 20 ராத்திரி, இங்கிலாந்தின் சால்ஸ்பரியிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்துக்கு விடும் சிறப்பு பஸ்ஸில் நான்தான் டிரைவர். கோடைச் சூரியத் திருப்பத்துக்குக் கூட்டம் அலைமோதும் ராத்திரி அது. நள்ளிரவுக்கு மேல் வெள்ளை அங்கி போட்ட ஒரு அம்மா ஏறினார். கையில் அவர் உயரத்துக்கு ஒரு கோல். முதியோர் பாஸை நீட்டினார். இந்த நேரத்துக்கு இது செல்லாதே என்றேன். "தெரியும், சும்மா கேட்டுப் பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு டிக்கெட் எடுத்துக்கொண்டார்.

காலையில் திரும்பி வரும் ட்ரிப்பிலும் அதே அம்மா. எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் மட்டும் இறங்கவில்லை. ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்து, காகிதக் கோப்பைகளையும் சாக்லேட் உறைகளையும் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தார். அது துப்புரவு ஆட்களின் வேலை, விடுங்கள் என்றேன். "நான் மூன்றாம் படி. எங்களில் மூன்றாம் படிக்காரர்கள்தான் குப்பை பொறுக்குவது" என்றார்.

எங்கள் டிப்போவில் சீனியாரிட்டி ஏற ஏற வேலை குறையும். இங்கே தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றியது. அந்த அம்மா இருந்தது ஒரு ட்ரூயிட் சங்கம். ட்ரூயிட் என்றால் பழங்கால கெல்டிக் மக்களின் பூசாரி; அந்தப் பெயரில் இன்றைக்கு நடக்கும் சங்கம் அது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் பணம் கட்டி அதில் சேர்ந்தேன். அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மை என்பதுதான் இந்த மதிப்பீடு.

சங்கத்தின் பெயரைப் போடப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், சின்ன சங்கம், பெயரைப் போட்டால் நான் யாரைச் சொல்கிறேன் என்று உள்ளே இருக்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

முதலில் இது என்ன சரக்கு என்று சொல்லிவிடுகிறேன். தபால்வழிப் படிப்பு. மாதம் ஒருமுறை ஒரு கனமான உறை வரும். உள்ளே நான்கு சிறு புத்தகங்கள். கூடவே ஒலிப்பதிவு. எனக்கு மாதம் 19 பவுண்டு. காகிதம் வேண்டாம், கணினியில் படித்துக்கொள்கிறேன் என்றால் இன்னும் குறைவு. ஆளுக்கொரு ஆசிரியர் உண்டு. அவர் சம்பளம் வாங்காதவர். மூன்று படியும் முடித்தவர். படித்துவிட்டு என்ன தோன்றியது என்று மாதாமாதம் அவருக்கு எழுத வேண்டும். தேர்வு கிடையாது, மதிப்பெண் கிடையாது.

படிகள் மூன்று. பார்டு, ஓவேட், ட்ரூயிட். பார்டுக்கு நீலம், ஓவேட்டுக்குப் பச்சை, ட்ரூயிட்டுக்கு வெள்ளை. பார்டு என்றால் பாட்டு, கதை, நினைவாற்றல். ஓவேட் என்றால் மரம், மூலிகை, குறி, சாவு. ட்ரூயிட் என்றால் சடங்கை நடத்துவது, ஆளைத் தேற்றுவது, பொறுப்பை ஏற்பது. பெயர்கள் பழையவை. ஸ்ட்ராபோ என்ற கிரேக்கர் 2,000 வருடத்துக்கு முன்னால் கால் (Gaul) என்ற நாட்டை, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கத்தை, பற்றி எழுதும்போது இந்த மூன்று வகையாரையும் சொல்லியிருக்கிறார். ஆனால் அங்கி, நிறம், வட்டம், வாள் எல்லாம் பழையவை இல்லை. அவை பெரும்பாலும் ஒரே ஆளின் கைவேலை.

அந்த ஆளைப் பற்றிச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. எட்வர்ட் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ்காரர். தனக்கு வைத்துக்கொண்ட பெயர் யோலோ மோர்கானுக். பிழைப்புக்குக் கல்தச்சர். கவிஞர். லாடனம் என்ற அபின் சாராயத்தில் ஆயுள் முழுக்க ஊறியவர். பழைய ஓலை கிடைத்தது என்பது போல, பழைய கையெழுத்துப்படி கிடைத்தது என்று சொல்லித் தானே எழுதி ஊரை நம்பவைத்தார். 1792 ஜூன் 21 அன்று லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் கொஞ்சம் கற்களை வட்டமாக அடுக்கி, இதுதான் ஆதிகால வழக்கம் என்று முதல் கோர்செத்தை, அதாவது கவிஞர் கூட்டத்தை, நடத்தினார். அவர் எழுதிய பிரார்த்தனையை இன்றைக்கும் ட்ரூயிட் கூட்டங்களில் சொல்கிறார்கள். 1826-இல் அவர் செத்து வெகுகாலம் கழித்துத்தான் புளுகு முழுசாக வெளியே வந்தது. எங்கள் சங்கத்தின் மூன்றாவது மாதப் புத்தகம் இதை மறைக்காமல் எழுதியிருக்கிறது: இவர் புனைந்தார், நாங்கள் தெரிந்தே வைத்துக்கொண்டிருக்கிறோம் என்று. சேர்ந்த பிறகு எனக்கு முதன்முதலாக மரியாதை வந்த இடம் அது. ஆதியிலிருந்து அறுபடாமல் வருகிறோம் என்று எந்த சங்கமாவது சொன்னால் பர்ஸை மூடிவிடுங்கள்.

ஒரு வேடிக்கை. வேல்ஸில் யோலோவின் கோர்செத் இன்னும் நடக்கிறது. கவிதைக்கும் மொழிக்குமான அமைப்பு, மதம் கிடையாது. இங்கிலாந்து திருச்சபையின் தலைமைக் குருவான கேன்டர்பரி பேராயராகப் போன ரோவன் வில்லியம்ஸையே 2002-இல் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பழைய வரிசையில் ஓவேட்தான் கீழே, பார்டு நடுவில். எங்களிடம் பார்டு முதல், ஓவேட் இரண்டு. அவர்களோ 2012-இல் படியையே எடுத்துவிட்டார்கள். நிறம் மட்டும் நிற்கிறது, யாரும் யாருக்கும் மேல் இல்லை. மூலக்கடை மாடிப்படியை இடித்துவிட்டது, கிளைக்கடைகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன.

மூன்று படியைத் தபாலில் சொல்லித்தருவதில் பெயர் பெற்றது பார்டு ஓவேட் ட்ரூயிட் சங்கம். 1964-இல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கியது. அவர் 1975-இல் இறந்தபின் தூங்கிப்போய், 1988-இல் ஃபிலிப் கார்-காம் தலைமையில் எழுந்தது. அவர் 32 வருடம் தலைவராக இருந்துவிட்டு 2020-இல் ஐமர் பர்க் என்ற பெண்மணியிடம் ஒப்படைத்தார். நான் சேர்ந்தது இது இல்லை. ஆனால் சின்ன சங்கங்கள் பலவற்றுக்கும் அச்சு இதுதான், எங்களுடையதும் அப்படியே.

சரி, படிப்புக்கு வருகிறேன். பார்டு படிதான் இந்த மொத்த வியாபாரத்தில் கொடுத்த காசுக்கு மேல் தரும் பகுதி. இரண்டாவது மாதம் ஒரு கவிதை எழுதச் சொன்னார்கள். நான் தமிழில் எழுதி, கீழே பொருளை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி அனுப்பினேன். ஆசிரியர் பதில் போட்டார்: "பொருள் இருக்கட்டும். கவிதையை உங்கள் குரலில் பதிவு செய்து அனுப்புங்கள்." அனுப்பினேன். ஒரு வார்த்தை புரியாத மனிதர், மூன்றாவது வரியில் நான் மூச்சை விட்ட இடம் சரியில்லை என்று எழுதினார். கேட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒரு சீர் உதைத்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் எனக்கு இலக்கணப் பிழை சுட்டிய ஒரே வில்ட்ஷயர்க்காரர்.

அதே ஆசிரியர் ஏழாவது மாதம் காணாமல் போனார். ஏழு வாரம் பதில் இல்லை. அலுவலகத்துக்கு எழுதினால், "அவருக்கு உடல்நிலை சரியில்லை, வேறு ஆள் வேண்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்று காத்திருந்தேன். தொண்டர்களை வைத்து நடத்தும் இடத்தில் இது நடக்கும். ஆனால் முதல் வாரமே ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

ஓவேட் படியில்தான் எனக்கும் புத்தகத்துக்கும் பிணக்கு. இங்கே ஓகம் எழுத்து படிக்க வேண்டும். அயர்லாந்தில் கல்லின் விளிம்பில் கோடு கோடாக வெட்டிய பழைய எழுத்து; 20 குறிகள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மரத்தைக் கட்டிவிட்டார்கள். முதல் எழுத்து பெய்த், பிர்ச் மரம். தைர் என்றால் ஓக். ஏதாவது ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து ஒரு வருடம் விடாமல் போய்ப் பார், எழுதி வை என்று பாடம். டிப்போ வேலிக்கு வெளியே நின்ற ஆஷ் மரத்தை எடுத்துக்கொண்டேன், ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு நிமிடத்தில் போய்விடலாம் என்ற சோம்பேறித்தனத்தில்.

மே கடைசியில் மற்ற மரமெல்லாம் பச்சையாக நிற்க, இதன் உச்சி மட்டும் மொட்டைக் குச்சியாக நின்றது. ஜூலையில் அடிமரத்தில் வைர வடிவில் கறுப்புத் தழும்பு. ஆஷ் டைபேக் என்ற பூஞ்சை நோய். இந்த நாட்டில் 2012-இல் முதலில் உறுதிசெய்தார்கள், இப்போது ஊரெல்லாம். செப்டம்பரில் கவுன்சில்காரர்கள் வெட்டுவதற்கு அடையாளமாக ஆரஞ்சு பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனார்கள். புத்தகத்தைத் திறந்தால், ஆஷ் மரம் உலகங்களைத் தாங்கும் தூண், அதன் பலத்தில் சாய்ந்து நில் என்று எட்டுப் பக்கம். நோய் பற்றி ஒரு எழுத்து இல்லை. 1990-களில் எழுதியதை அப்படியே அச்சடித்துக்கொண்டிருக்கிறார்கள். சாவைப் பற்றிய படி என்று சொல்லிவிட்டு, கண்ணெதிரே சாகிற மரத்தை விட்டுவிட்டால் எப்படி? ஆசிரியருக்கு எழுதினேன். "நீங்கள் எழுதுங்கள், அடுத்தவருக்கு உங்கள் கடிதத்தைச் சேர்த்து அனுப்புகிறேன்" என்றார். நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். போகிறதா என்று தெரியாது.

இனி வட்டம். படிப்பைத் தனியாகவே முடித்துவிடலாம்; ஆனால் பக்கத்தில் கிரோவ் இருந்தால் சேருங்கள். கிரோவ் என்றால் தோப்பு. எங்களுடையது ஒரு பீச் மரக்காட்டில் வருடத்துக்கு எட்டு முறை கூடுகிறது: இரண்டு சூரியத் திருப்பம், இரண்டு சமபகல் நாள், நடுவே நான்கு கெல்டிக் பண்டிகை. 15 பேர் வந்தால் பெரிய கூட்டம்.

பொறுப்புகள் படியைப் பார்த்து வருவதில்லை. சடங்கை நடத்துபவர் ஒருவர், கட்டியக்காரர் ஒருவர், நான்கு திசைக்கு நான்கு பேர், வாயில் காப்பவர், ரொட்டியும் மீடும் சுற்றிக் கொண்டுவருபவர். மீட் என்றால் தேனைப் புளிக்கவைத்துச் செய்யும் மது. வண்டி ஓட்டுபவர்களுக்கு ஆப்பிள் சாறு. ஒவ்வொரு தடவையும் யாருக்கு என்ன என்று முந்தைய கூட்டத்திலேயே பேசி வைத்துக்கொள்வோம். நேற்று சேர்ந்த பார்டு நடத்துவார், 20 வருட ட்ரூயிட் வாசலில் நிற்பார். வாயில் காப்பது பெருமையான வேலை இல்லை. நாயைக் கூட்டிக்கொண்டு நடக்க வருபவர்களிடம் இங்கே என்ன நடக்கிறது என்று சிரித்த முகத்துடன் விளக்குவது, வட்டத்தின் நடுவில் ஓடிவந்த லேப்ரடாரைத் திருப்பி அனுப்புவது. இரண்டுமே நடந்திருக்கிறது.

முதலில் சமாதானக் கேள்வி. நடத்துபவர் நான்கு திசைக்கும் போய் அங்கே சமாதானம் வேண்டுவார். சமாதானம் இல்லாத இடத்தில் வேலை தொடங்காது. வேல்ஸில் தலைமை ட்ரூயிட் வாளைப் பாதி உருவி, "சமாதானமா?" என்று மூன்று முறை கேட்பார், கூட்டம் "சமாதானம்" என்று கத்தும், வாள் உறைக்குள் போகும். எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. காலையில் வண்டியை எடுக்கும் முன் சுற்றி வந்து டயர், விளக்கு, கதவு பார்ப்போமே, அதேதான். அதைச் செய்யாமல் வண்டி நகராது.

எனக்கு முதலில் கிடைத்தது வடக்கு. டிசம்பர், அல்பன் ஆர்த்தன் என்ற குளிர்காலச் சூரியத் திருப்பம், மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. பருந்து கிழக்கில், கலைமான் தெற்கில், சால்மன் மீன் மேற்கில், விண்மீன்களின் பெருங்கரடி வடக்கில். நான் கரடியை அழைக்க வேண்டும். மழையில் காகிதம் ஊறி, மை கரைந்து, எனக்கு ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. நின்றேன். யாரும் இருமக்கூட இல்லை. மேற்கில் நின்ற அம்மா, அதே பஸ் பாஸ் அம்மாதான், உதடு அசையாமல், "உங்கள் மொழியில் கூப்பிடுங்கள், கரடிக்குப் புரியும்" என்றார். "கரடியாரே, வாரும்" என்று கத்தினேன். அதற்கப்புறம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. எல்லோரும் வரவேற்புச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு ஓவேட் என்னிடம் வந்து அந்தக் "கரடியாரே"வைச் சொல்லித்தரச் சொன்னார்.

நடத்தை விதிகள் இரண்டு பக்கத்தில் சேர்ந்த அன்றே வரும். ஆசிரியரும் மாணவரும் எழுதிக்கொள்வது மூன்றாம் ஆளுக்குப் போகாது. ஆசிரியர் மாணவரிடம் காதல் கீதல் என்று போனால் ஆசிரியர் பொறுப்பு போய்விடும். கேட்காமல் யாரையும் கட்டிப்பிடிக்கக் கூடாது. வட்டத்துக்குள் போன் எடுக்கக் கூடாது. குடித்துவிட்டு வரக் கூடாது. சங்கத்தின் பெயரில் பத்திரிகைக்குப் பேசக் கூடாது. மரத்தில் நைலான் ரிப்பன் கட்டக் கூடாது, கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போக வேண்டும். அப்புறம், நெருப்புக்குப் பக்கத்தில் செயற்கை நூல் அங்கி கூடாது. இதை நான் 65 பவுண்டுக்கு இணையத்தில் பாலியெஸ்டர் அங்கி வாங்கிய பிறகு படித்தேன். அதுவும் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது, நைட்டி மாதிரி. இப்போது பழைய பருத்திப் படுக்கை விரிப்பில் தைத்ததைப் போடுகிறேன்.

எழுதியதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மீறியபோது என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. போன வருடம் கோடை முகாமில் ஒருவர். வெள்ளை அங்கி, வெள்ளிக் கழுத்தணி, சங்கத்தில் இல்லாத ஒரு பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டவர். முதல் முறை வந்த இளம்பெண், கையில் இரண்டு வயதுக் குழந்தை, வலஞ்சுழியாக வராமல் இடஞ்சுழியாக வட்டத்துக்குள் நுழைந்துவிட்டார். இந்த மனிதர் கோலைத் தரையில் குத்தி, "சக்தியைக் கெடுக்கிறாய், வெளியே போ" என்று கத்தினார். குழந்தை அழுதது.

அன்று நடத்திக்கொண்டிருந்தவள் 23 வயது பார்டு. நீல அங்கி. நேரே அவர் முன்னால் போய், "சமாதானம் இல்லை" என்றாள். அவ்வளவுதான். எல்லோரும் கைகளை விட்டோம். சடங்கு நின்றது. அந்த மனிதர் சுற்றிப் பார்த்தார்; யாரும் அவர் பக்கம் பேசவில்லை. கோலை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போய்விட்டார். அவள் அந்தத் தாயின் கையைப் பிடித்து, வந்த திசையிலேயே வட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

இங்கே ஐந்துக்கு ஐந்து. அடுத்து நடந்ததற்கு அரை மார்க்கூடத் தர மாட்டேன். நானும் இன்னும் இருவரும் எழுத்தில் புகார் கொடுத்தோம். அது போகும் முகவரியில் இருப்பவர்கள் மூன்று பேர், மூவரும் ட்ரூயிட் படி, மூவருக்கும் அவர் பழைய நண்பர். பதில் வர மூன்று மாதம். அவரிடம் பேசியாயிற்று, ஒரு வருடம் எந்தப் பொறுப்பும் கிடையாது என்று ஒரு பத்தி. முடிவு சரிதான். மூன்று மாதம் சரியில்லை. வெளியாள் ஒருவரும் அந்த மூவரில் இல்லாததும் சரியில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஜூலியஸ் சீசர் எழுதியிருப்பதைப் பார்த்தால் இந்தப் பதவி மோகம் பழைய வியாதி. அந்தக் காலத்து ட்ரூயிட்களுக்கு ஒரு தலைவர் உண்டாம். அவர் செத்தால் தகுதியானவர் ஏறுவார், சமமாகப் பலர் இருந்தால் ஓட்டு, சில சமயம் ஆயுதமும் எடுப்பார்களாம். 20 வருடம் படித்துவிட்டு அடிதடி! அவர்களின் தீர்ப்புக்குப் பணியாதவனுக்குக் கடும் தண்டனை, பலிச் சடங்கில் சேர்க்காமல் ஒதுக்கிவைப்பது. எங்கள் ஆளுக்குக் கிடைத்தது அதில் பத்தில் ஒரு பங்கு.

வேறு கடைகளும் உண்டு. படியே வேண்டாம் என்பவர்களுக்குப் பிரிட்டனில் ட்ரூயிட் நெட்வொர்க் என்று ஒன்று. 2010-இல் அறக்கட்டளை ஆணையம் அதை மத அறக்கட்டளையாகப் பதிவு செய்தது அப்போது பெரிய செய்தி. எனக்கு மிகவும் பிடித்த கதை அமெரிக்காவுடையது: 1963-இல் மினசோட்டாவின் கார்ல்டன் கல்லூரியில் கட்டாய வழிபாட்டை எதிர்த்து, நாங்கள் ட்ரூயிட்கள் என்று மாணவர்கள் விளையாட்டாக ஆரம்பித்தார்கள். அடுத்த வருடமே கல்லூரி விதியை எடுத்துவிட்டது. அவர்கள் கலையவில்லை, மூன்றாம் படிக்குப் போக ராத்திரி முழுக்க வெட்டவெளியில் விழித்திருக்க வேண்டும் என்று விதிவைத்துத் தொடர்ந்தார்கள்.

பட்டம் வாங்கிச் சுவரில் மாட்டும் எண்ணம் இருந்தால் இந்தப் படிப்பு வேண்டாம். முடித்தால் ஒரு சின்ன அட்டைதான் வருகிறது, அதிலும் என் பெயரில் எழுத்துப் பிழை. பார்டு வருடம் மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், யாரும் இரண்டாவதற்கு நெருக்க மாட்டார்கள். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றே முக்கால். ஓவேட் புத்தகங்களைத் திருத்தினால் நான்கு.

நான் இன்னும் பச்சையில்தான் இருக்கிறேன். ஆஷ் மரத்தை மார்ச்சில் வெட்டிவிட்டார்கள். வேலியோரம் ஒரு அடித்துண்டு கிடந்தது. மேற்பார்வையாளரைக் கேட்டு வீட்டுக்குத் தூக்கிவந்து, முக்காலியாக்கிவிட்டேன். அக்டோபர் கடைசியில் வரும் சவின் பண்டிகைக் கூட்டத்தில் எனக்கு வாயில் காக்கும் வேலை. அன்றைக்கு மதிய ஷிஃப்ட் போட்டிருக்கிறார்கள், மாற்றிக்கொள்ள ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.